எரியுதா, அடைக்குதா?

ராஜபாளையத்தில் தென்காசி சாலையோரம் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப்பில் மாலை ஏழு மணிக்கு மேல் பத்து நிமிடம் நின்று பாருங்கள். "அண்ணாச்சி, கேஸ் மாத்திரை ரெண்டு குடுங்க" என்று யாராவது வந்து கேட்பார். கடைக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே கத்தரியால் அட்டையை நறுக்கி நீட்டுவார். எங்கே என்ன செய்கிறது என்று அவர் கேட்பதில்லை, வந்தவரும் சொல்வதில்லை. நெஞ்சு கரிக்கிறவர், புளித்த ஏப்பம் விடுகிறவர், விழுங்கிய கவளம் நெஞ்சுக்கூட்டுக்குள் நின்றுவிடுகிறவர், இடது தோளுக்கு வலி பரவி வேர்த்துக் கொட்டுகிறவர் என நாலு பேரும் அங்கே ஒரே நோயாளிதான். நாலு பேருக்கும் ஒரே அட்டை.

என் தாய்மாமா இந்த வரிசையில் ஐந்து மாதம் நின்றார். நூற்பு மில்லில் முப்பது வருடத்துக்கு மேல் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். முதலில் பரோட்டாவை விட்டார். "வயசாகுதுல்ல, மைதா ஒத்துக்கல" என்றார். ஒருவழியாகப் புத்தி வந்தது என்று அத்தைக்குச் சந்தோஷம். அடுத்து ஆட்டுக்கறி போயிற்று, பிறகு தோசை. இட்லியைச் சாம்பாரில் ஊறப்போட்டுக் கூழாகப் பிசைந்து, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துத் தள்ளினார். பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாங்கள் வாங்கிப்போகும் பால்கோவா மட்டும் குறையாமல் காலியானது. இந்த வயதில் இனிப்புப் பைத்தியம் என்று கேலி செய்தோம். அவருக்கு இறங்கியது அது ஒன்றுதான் என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

உணவுக்குழாய் நோய்களைக் கண்டறிய எண்டோஸ்கோப்பி, மானோமெட்ரி, சி.டி. ஸ்கேன் என்று எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் இவற்றுக்கெல்லாம் முந்திய கருவி ஒரு கேள்வி: எரியுதா, அடைக்குதா? எரிச்சல் பெரும்பாலும் தவணை கொடுக்கும், அடைப்பு கொடுக்காது. இரண்டுக்கும் தமிழில் தனித்தனியாகத் துல்லியமான சொற்கள் இருந்தும் 'கேஸ்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நாமே அவற்றைப் போட்டு மூடிவிட்டோம் என்பதுதான் என் புகார்.

எண்சாண் உடம்பில் உணவுக்குழாய்க்குக் கிடைத்தது ஒரு சாணும் இரண்டு விரற்கடையும்தான். சுமார் 25 சென்டிமீட்டர். குரல்வளைக்குக் கீழே தொடங்கி, மூச்சுக்குழாய்க்குப் பின்புறமாக, இதயத்தை உரசிக்கொண்டு இறங்கி, உதரவிதானத்தில் ஒரு துளை வழியாக வயிற்றுக்குள் நுழைகிறது. உணவு அதில் தானாக விழுவதில்லை. குழாயின் தசை மேலிருந்து கீழாகச் சுருங்கிச் சுருங்கி அதை நகர்த்துகிறது. தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் வயிற்றுக்குப் போய்ச் சேரும். அடிமுனையில் ஒரு தசைவளையம் எப்போதும் இறுகிக் கிடக்கும். விழுங்கும்போது மட்டும் திறந்து, உடனே மூடிக்கொள்ளும். திறக்காவிட்டால் அடைப்பு, மூடாவிட்டால் எரிச்சல். இந்தக் குழாயின் வைத்திய வரலாற்றில் பாதி, இந்தக் கதவோடு நடத்திய பேரம்தான்.

எரிச்சலை முதலில் பார்ப்போம். வயிற்றின் சுவர் அமிலத்தைத் தாங்கும்; குழாயின் சுவர் தாங்காது. கதவு தளர்ந்து அமிலம் மேலேறுவதைத்தான் நம் ஊரில் 'எதுக்களிக்குது' என்பார்கள். அதற்கு ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தோதான வாழ்க்கை அமைந்திருக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்ட கையோடு படுக்கிறவர்கள் உண்டு. ராத்திரி பத்தரைக்குச் சால்னாவில் மிதக்கும் பரோட்டாவை முடித்துவிட்டு பதினொன்றுக்குப் பாயை விரிக்கிறவர்களும் உண்டு. கொழுப்பு வயிற்றைச் சீக்கிரம் காலியாக விடாது, கதவையும் தளர்த்தும். படுத்த பிறகு புவியீர்ப்பும் துணைக்கு வராது. பழி என்னவோ மிளகாய்மேல் விழுகிறது. மிளகாய் ஏற்கெனவே புண்ணான சுவரைக் காந்தவைக்கும், உண்மைதான். ஆனால் பெரிய குற்றவாளிகள் நேரமும் எண்ணெயும் பெருத்த இடுப்பும்தான். வற்றல் விளைகிற பூமியில் பிறந்தவன் என்பதால் மிளகாய்க்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம்.

இதற்கு நான் கண்ட மலிவான வைத்தியம், கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கல் வைப்பது. அரை முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர வேண்டும். தலையணையை இரண்டாக அடுக்கினால் ஆகாது. அது கழுத்தை மடக்கி வயிற்றை அமுக்கும், அமிலம் இன்னும் ஏறும். இடப்பக்கம் சரிந்து படுப்பது நல்லது. அப்போது வயிற்றின் பை கீழாகவும் கதவு மேலாகவும் அமையும்.

அடுத்தது மாத்திரை. அமிலம் சுரக்கும் பம்பையே முடக்கும் ஒமிப்ரசோல் 1988-ல் சந்தைக்கு வந்தது. இன்று கேஸ் மாத்திரை என்று நாம் விழுங்கும் பான்டோப்ரசோல் அதன் தம்பி. நல்ல மருந்துதான், ஆனால் அதற்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. வேலை செய்துகொண்டிருக்கும் பம்பை மட்டுமே அதனால் பிடிக்க முடியும். பம்புகள் விழிப்பது நாம் சாப்பிடும்போது. ஆகவே சாப்பாட்டுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்பே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் பந்தி முடிந்து கை கழுவிய பிறகுதான் தேடுகிறார்கள். மாதக்கணக்கில் தின்றுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரந்து, மருந்து இல்லாமல் முடியாது என்ற எண்ணத்தைக் கொடுக்கும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இதற்கு முந்தைய தலைமுறையின் ரானிடிடினை, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு கலந்திருக்கும் அச்சத்தில், 2022-ல் இந்தியா அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. மாத்திரைக்கு அடங்காத எதுக்களிப்புக்கு அறுவைச் சிகிச்சை உண்டு. வயிற்றின் மேல்பகுதியைக் குழாயின் அடியைச் சுற்றித் துண்டு போர்த்துவதுபோல் சுற்றித் தைத்துவிடுவார்கள். ருடால்ஃப் நிசன் 1950-களில் கண்ட முறை. இப்போது லேப்ராஸ்கோப்பியில் நடக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. நடக்கும்போது வந்து நின்றால் குறையும் நெஞ்சுவலி, வேர்வையோடு வரும் நெஞ்செரிச்சல் இரண்டும் இதயத்தின் வேலையாக இருக்கலாம். அதற்கு முதலில் ஈ.சி.ஜி.; மாத்திரை அப்புறம்.

இனி அடைப்புக்கு வருவோம். நல்ல வைத்தியர் இரண்டு கேள்விகளிலேயே பாதி நோயைப் பிடித்துவிடுவார். முதலில் எது நின்றது? கட்டியான உணவு நின்று, வாரங்கள் கழித்துக் குழைவானதும் நின்று, கடைசியில் கஞ்சியும் நின்றால் குழாய் உள்ளுக்குள் குறுகிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். தொடக்கத்திலிருந்தே பரோட்டாவும் தண்ணீரும் ஒன்றுபோல அடைத்தால் குறுகல் இல்லை, கதவுக்கு உத்தரவு போகவில்லை. இரண்டாவது கேள்வி, எவ்வளவு நாளாக? வருடக்கணக்கு என்றால் சற்று மூச்சு விடலாம். மாதக்கணக்கில் என்று சொல்கிறவரின் இடுப்பு வேட்டியும் தளர்ந்திருந்தால் அன்றைக்கே எண்டோஸ்கோப்பிக்கு எழுதித்தர வேண்டும்.

கதவு திறக்காத நோய்க்கு அக்கலேசியா என்று பெயர். வருடத்துக்கு லட்சத்தில் ஒருவருக்குப் புதிதாக வரும் அபூர்வ நோய். கதவைத் திறக்கச் சொல்லும் நரம்பணுக்கள் அழிந்துபோவதால் குழாய் பைபோல் உப்பி, நேற்றுச் சாப்பிட்ட சோறு இன்று இரவு புளிக்காமல் வாய்க்கு வரும். புளிக்காமல் என்பதுதான் துப்பு. அது வயிற்றைப் பார்க்காத சோறு. 1674-ல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ், திமிங்கலத்தின் வாய்த் தகட்டாலான வளையும் குச்சியின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டி ஒரு நோயாளியிடம் கொடுத்தார். அந்த மனிதர் ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டு முடித்ததும் அந்தக் குச்சியால் சோற்றைக் குத்தி உள்ளே தள்ளியே 15 வருடம் வாழ்ந்தார். 1913-ல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெல்லர் கதவின் தசையை வெளியிலிருந்து கீறிவிட்டார். 2008-ல் ஜப்பானின் ஹருஹிரோ இனோவே, உடம்பில் கத்தி படாமல், எண்டோஸ்கோப்பை வாய்வழியே இறக்கி, குழாயின் உட்தோலுக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம் போட்டுத் தசையை அறுத்தார். போயம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தச் சிகிச்சை இப்போது இந்தியாவிலும் நடக்கிறது.

2019-ல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில் இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, பலூனால் கதவை விரித்தவர்களில் 54 சதவீதம் பேருக்குப் பலன் நிலைத்திருந்தது. போயம் செய்தவர்களில் 92 சதவீதம். படித்ததும் பலூனைத் தூக்கிப் போட்டுவிடத் தோன்றும். அதே ஆய்வின் அடுத்த பக்கத்தையும் பார்க்க வேண்டும். அமிலம் ஏறிக் குழாய் புண்ணானவர்கள் பலூன் கூட்டத்தில் 7 சதவீதம். போயம் கூட்டத்தில் 41 சதவீதம். அடைப்பைக் கொடுத்து எரிச்சலை வாங்கியிருக்கிறார்கள். கதவோடு பேரம் என்று மேலே சொன்னது இதைத்தான்.

பெண்களிடம் அடைப்புக்கு வேறொரு காரணம் உண்டு, அது அநேகமாக யாருடைய பேச்சிலும் வருவதில்லை. தொண்டைக்குச் சற்றுக் கீழே, குழாயின் தொடக்கத்தில், சிலந்தி வலைபோல மெல்லிய சவ்வு ஒன்று குறுக்கே வளரும். கூடவே கடுமையான ரத்தசோகை, குழிந்த நகம், வாயோரப் புண். இந்தச் சேர்க்கையை 1919-ல் பேட்டர்சன், பிரௌன் கெல்லி என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் எழுதினார்கள். பிளம்மர்–வின்சன் என்றும் சொல்வார்கள். இரும்புச்சத்து கூடிய பிறகு மேலைநாடுகளில் அது ஏறக்குறைய பாடப்புத்தகத்துக்குள் ஒதுங்கிவிட்டது. இங்கே ஒதுங்கவில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அத்தனை பேருக்கும் சவ்வு வராது, மிகச் சிலருக்கே வரும். ஆனால் "மாத்திரையை முழுசா முழுங்க முடியல, உடைச்சுக் குடுங்க" என்று கேட்கிற, அரிசி மூட்டையிலிருந்து பச்சரிசியை அள்ளி மெல்லுகிற நாற்பது வயதுப் பெண்ணை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அவரது கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். இரும்புச்சத்து கொடுத்தாலே பலருக்கு விழுங்குவது சீராகிவிடும்; மிஞ்சிய சவ்வை எண்டோஸ்கோப்பியில் ஒரே தரம் விரித்தால் கிழிந்துவிடும். உணவுக்குழாய் நோய்களில் இவ்வளவு சுலபமாகத் தீரக்கூடியது வேறொன்று இல்லை. கவனிக்காமல் விட்டாலோ அதே இடத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. வைத்தியச் செலவு இரும்புச்சத்து மாத்திரையின் விலைதான் என்கிறபோது இது யாருடைய பேச்சிலும் வராதது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

அடைப்புக்கு இன்னொரு காரணம் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். நாடெங்கும் ஆஸ்பத்திரிகளில் காயத்தின்மேல் படுகிற துணி. பருத்தியில் இயற்கையாக ஒட்டியிருக்கும் மெழுகு போனால்தான் துணி ரத்தத்தை உறிஞ்சும். அதற்குக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து வெளுக்க வேண்டும். காயத்தை ஆற்றப் போகும் துணியை வெளுக்கிற அதே காஸ்டிக், தவறி ஒரு மடக்கு உள்ளே போனால் உணவுக்குழாயையும் வேகவைத்துவிடும். காரம் சதையைக் கரைத்துக்கொண்டு ஆழமாக இறங்கும். கக்கூஸ் கழுவும் ஆசிட் குழாயை நக்கிவிட்டுப் போய் வயிற்றின் வெளிவாசலைக் கடிக்கும். குடிப்பவர்களில் ஒரு சாரார் கோபத்திலோ விரக்தியிலோ குடித்தவர்கள். மறுசாரார் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றிவைத்ததைத் தண்ணீர் என்று நினைத்த குழந்தைகள்.

அமெரிக்காவில் இந்தப் பிள்ளைகளுக்காகக் கங்கணம் கட்டிக்கொண்டவர் செவாலியர் ஜாக்சன் என்ற தொண்டை வைத்தியர். விழுங்கிய ஊக்கு, காசு, பொத்தான் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களை வெளியே எடுத்துச் சேர்த்துவைத்தவர் அவர். கார டப்பாக்களின் மேல் 'விஷம்' என்று அச்சிட வேண்டும் எனப் பல வருடம் அலைந்து, 1927-ல் அதைச் சட்டமாக்க வைத்தார். நம் நாட்டில் 2013-ல் உச்ச நீதிமன்றம், ஆசிட் வாங்குகிறவரின் அடையாளத்தைப் பதிவேட்டில் எழுதாமல் விற்கக் கூடாது என்றது. ஆனால் கடையில் பதியப்படுவது வாங்கியவரின் பெயர். குழந்தை எடுத்துக் குடிப்பது வீட்டில் பாட்டில் மாற்றிய பிறகு.

குடித்தவரை வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. உப்புநீர், சோப்புத்தண்ணீர், முட்டை எதுவும் வேண்டாம். மேலேறும்போது அதே திரவம் அதே சதையை இரண்டாம் முறை சுடும். நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஒருநாளுக்குள் எண்டோஸ்கோப்பி செய்து புண்ணின் ஆழத்தைத் தரம் பிரிக்கிறார்கள். உலகம் முழுக்க இதற்குப் பயன்படும் அளவுகோல், சண்டிகரில் பணியாற்றிய காஷ்மீரத்து மருத்துவர் ஷௌகத் அலி சர்காரின் பெயரில் 1991-லிருந்து நடக்கிறது. மேலோட்டமான புண் வடுவில்லாமல் ஆறும். ஆழமான புண் ஆறும்போதுதான் வினை தொடங்குகிறது. தழும்பு சுருங்கிச் சுருங்கி, சில வாரங்களில் குழாய் ஸ்ட்ராவைப்போல ஆகிவிடும். பிறகு ரப்பர் குச்சியாலோ பலூனாலோ சிறுகச் சிறுக விரிக்க வேண்டும். அவசரப்பட்டால் கிழிந்துவிடும் என்பதால் ஒரே தடவையில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கூட்டுவதில்லை. 15 மில்லிமீட்டர் அகலம் வந்தால் சாதாரணச் சாப்பாடு இறங்கும். அதுவரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மதுரை பஸ். வருடக்கணக்கில் போகிறவர்கள் உண்டு. விரித்தும் பயனில்லாதவர்களுக்குப் பெருங்குடலில் ஒரு துண்டை வெட்டி, நெஞ்செலும்புக்குப் பின்னால் ஏற்றிப் புதுக் குழாயாகத் தைக்கிறார்கள்.

ரத்த வாந்திக்கு இங்கே ஒரு வரி போதும். இந்தக் குழாயைப் பொறுத்தவரை அது பல சமயம் குடியால் ஈரல் இறுகி, குழாயின் அடியில் ரத்தக்குழாய்கள் புடைத்து வெடிப்பது. ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவார்கள்.

மாமாவுக்குப் புற்றுநோய். நெஞ்சின் நடுப்பகுதியில், செதில் செல் வகை. இந்தியாவில் வருடத்துக்குச் சுமார் 70,000 பேருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. பெரும்பான்மை இந்த வகைதான். எதுக்களிப்பு முற்றி, குழாயின் அடியில் வருகிற வகை மேலைநாட்டில் அதிகம், இங்கே குறைவு. இங்கே காரணம் எரிச்சலைவிட வாயில் அடக்கும் பொருள்தான். பஞ்சு பறக்கும் மில்லுக்குள் பீடி பற்றவைக்க முடியாது. அதனால் அந்தத் தலைமுறைத் தொழிலாளிகள் வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொண்டார்கள். தீ விபத்தைத் தவிர்த்த பழக்கம் இன்னொரு வழியில் சுட்டது. புகையிலை சேர்ந்த வெற்றிலைச் சாறு உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தீர்ப்பே எழுதிவிட்டது. அதே முகமை 2016-ல், 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானத்தையும் சந்தேகப் பட்டியலில் வைத்தது. நம் டீ மாஸ்டர் ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றி ஊற்றுவதில் சுவைக்கு அப்பாலும் ஒரு நியாயம் இருக்கிறது.

எண்டோஸ்கோப்பிக்கு மாமா பயந்தார். இந்தக் கருவியின் முதல் பரிசோதனைக்கு 1868-ல் ஜெர்மனியின் குஸ்மால் அழைத்தது ஒரு வாள் விழுங்கும் வித்தைக்காரரை என்று சொன்னேன். 47 சென்டிமீட்டர் நீளத்தில் வளையாத உலோகக் குழாய். "எனக்கு விடப்போறது வளையுமா, வளையாதா? அதைச் சொல்லு" என்றார். சுண்டுவிரல் கனத்தில் வளையும் குழாய், ஐந்தே நிமிடம், தொண்டையை மரத்துப்போக வைக்கும் மருந்து. வெளியே வந்து, "பரோட்டாவைவிட லேசாத்தான் இறங்குச்சு" என்றார்.

அதன்பின் நடந்ததற்கு ஒரு டச்சு ஆய்வு அடித்தளம். நேராகக் கத்தி வைக்காமல், முதலில் ஐந்து வாரம் வாராவாரம் லேசான கீமோவும், 23 தவணை கதிர்வீச்சும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அறுத்தால் பலன் கூடுகிறது என்று 2012-ல் காட்டினார்கள். வெறும் அறுவை செய்தவர்களில் பாதிப் பேர் 24 மாதத்துக்கு மேல் இருந்தார்கள். இந்த முறையில் பாதிப் பேர் 49 மாதத்துக்கு மேல். அந்த ஐந்து வாரமும் மாமா குடலில் வைத்த குழாய் வழியாகவே பசியாறினார். அத்தை கேழ்வரகுக் கஞ்சியை வெள்ளைத் துணியில் இரண்டு தரம் வடிகட்டி, ஊசிக்குழலில் ஏற்றுவாள். ஒரு பருக்கை தப்பினாலும் குழாய் அடைத்துக்கொள்ளும்.

அறுவைச் சிகிச்சையில் குழாயைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, வயிற்றையே நீளவாக்கில் ஒடுக்கிக் குழாயாக்கி, நெஞ்சு வழியாகக் கழுத்துவரை இழுத்துத் தைக்கிறார்கள். முன்பு விலாவைப் பிளந்துதான் செய்வார்கள்; வலியில் மூச்சு இழுக்க முடியாமல் நிமோனியா வந்து இறந்தவர்கள் பலர். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துச் சிறு துளைகள் வழியாகச் செய்தால் நுரையீரல் தானே விலகி வழிவிடும். கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையின் சி. பழனிவேலு இப்படி 130 பேருக்குச் செய்த அனுபவத்தை 2006-ல் வெளியிட்டார். வெளிநாட்டவரும் அதைப் பார்த்துப் பின்பற்றினார்கள். எங்கள் மாவட்டமான விருதுநகருக்கு 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் இத்தனை பெரிய அறுவைக்கு இன்னும் மதுரையோ கோவையோ போக வேண்டியிருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை செலவில் பெரும்பகுதியைத் தாங்கும். கூட இருக்கிறவரின் பஸ் காசையும் போன கூலியையும் தாங்காது. கட்டி அறுக்க முடியாத கட்டத்தில் வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு விரியும் உலோக வலைக்குழல் ஒன்றை உள்ளே வைத்து, குழைந்த சோறாவது இறங்க வழி செய்கிறார்கள். மாமா அந்தக் கட்டத்துக்குச் சில வாரங்கள் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார், அவ்வளவுதான்.

இப்போது அவருக்கு இரண்டு இட்லி சாப்பிட நாற்பது நிமிடம் ஆகிறது. ஒரு நாளைக்கு ஆறு வேளை, வேளைக்கு ஒரு கைப்பிடி. வயிறு நெஞ்சுக்குள் இருப்பதாலும், கதவு என்ற ஒன்றே இல்லாததாலும், குனிந்து செருப்பு மாட்டினால் புளித்த நீர் வாய்க்கு வருகிறது. கட்டிலின் தலைமாட்டில் செங்கல் வைத்திருக்கிறோம். போன மாதம் அதே மெடிக்கல் ஷாப்புக்குக் கூட்டிப் போனேன். கடைக்காரர் வழக்கம்போல் கத்தரியை எடுத்தார். "நறுக்க வேண்டாம் அண்ணாச்சி, முழு அட்டையாக் குடுங்க" என்று மாமா டாக்டர் சீட்டை நீட்டினார். "இப்பத்தான் எனக்கு நெசமாவே எரியுது."